பச்சை ஈக்களும் பவதாரிணியின் கோபமும்

பவதாரிணிக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். இது ஊருக்கே தெரியும். மூக்குக்கு முன்னால் காது சிவக்கும் என்பது அவள் அம்மா அன்னக்கொடிக்கு மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்தே காது சிவந்துதான் இருந்தது.

காரணம், செவலை போட்ட கன்று. செவலை அவர்கள் வீட்டுப் பசு. ஐப்பசித் தூறல் விழுந்துகொண்டிருந்த விடியற்காலையில் அது கன்று ஈன்றது. கன்றும் அம்மாவைப் போலவே செவலை நிறம். பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளைக் காலுறை மாட்டியது போல ஒரு வெள்ளை. பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து, தடுமாறி, விழுந்து, மறுபடி எழுந்து நின்றது. பவதாரிணி கைதட்டப் போனாள்.

அதற்குள் அப்பா பேயாண்டி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ப்ச். காளைக்கன்னு" என்றார்.

பக்கத்தில் நின்ற சோலை சித்தப்பா அதற்கு மேலே போனார். "சினை ஊசி போட்டுப் பொறந்த காளைக்கன்னு. ஏருக்கும் ஆகாது, வாடிவாசலுக்கும் ஆகாது. இதெல்லாம் எதுக்குண்ணே பொறக்குது?"

"நீங்க எதுக்குச் சித்தப்பா பொறந்தீங்க?" என்று கேட்டாள் பவதாரிணி.

இப்போது மூக்கும் சிவந்துவிட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அம்மா, "ஏடி, பெரியவுகளை அப்படிப் பேசாத" என்றாள். ஆனால் அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. டவுனில், காளவாசல் பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். சமயநல்லூர்ப் பக்கத்திலிருக்கிற தங்கள் சின்ன ஊரிலிருந்து தினமும் பைக்கில் போய் வருகிறார். பைக் புத்தம் புதிது, கறுப்பு. காலையில் தன் முகத்தைத் துடைக்கிறாரோ இல்லையோ, பைக்கை இரண்டு துணியால் துடைப்பார். ஒன்று ஈரத்துணி, ஒன்று உலர்ந்த துணி. அந்த உலர்ந்த துணியை வேறு யாரும் தொட்டுவிடக் கூடாது.

வெயில் ஏறிய பிறகு செவலை நஞ்சுக்கொடியைப் போட்டது. கன்று பிறந்த பின்னால் பசுவின் வயிற்றிலிருந்து வருகிற நஞ்சுக்கொடியை அந்தப் பக்கத்தில் யாரும் குப்பையில் எறிய மாட்டார்கள். வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, நாய்க்கு எட்டாத உயரத்தில், பால் வடிகிற ஒரு மரத்தில் தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் பசுவுக்கும் பால் பெருகும் என்று நம்பிக்கை. அவர்கள் ஊருக்கு அந்த மரம், கண்மாய்க் கரையில் இருக்கிற ஆலமரம். எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் சாக்கு அங்கேதான் போகும்.

அப்பா தவிட்டுச் சாக்கில் நன்றாகக் கட்டி, சித்தப்பாவிடம் நீட்டினார்.

"டேய் சோலை, வேலைக்குப் போற வழியில ஆலமரத்துல கட்டிட்டுப் போயிரு."

"வண்டியிலயாண்ணே?"

"பின்ன, தலையிலயா?"

சித்தப்பா சாக்கை உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு தொழுவத்துக்குப் பின்பக்கமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் ஈக்கள் வந்தன.

வீட்டுக்குள் சோற்றுத் தட்டைச் சுற்றுகிற சின்ன ஈ இல்லை. பளபளவென்று பச்சை நிறத்தில், தடித்தடியாக, உறுமிக்கொண்டு வருகிற ஈ. அவற்றுக்கு வெட்கம் மானம் எதுவும் கிடையாது. ஒரு தடவை விரட்டினால் ஒன்பது தடவை வரும். செவலையை விட்டுவிட்டு நேராகக் கன்றிடம் போயின. கன்றின் தொப்புளில் மொய்த்தன.

பிறந்த கன்றுக்குத் தொப்புள்கொடி அறுந்த இடம் ஈரமாக, சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருக்கும். காய்ந்து விழச் சில நாள் ஆகும். அதுவரை அது ஒரு திறந்த புண். ஈக்களுக்கு அது தெரிந்திருந்தது. கன்று பாவம், தலையைத் திருப்பித் திருப்பி வயிற்றைப் பார்த்தது. வாலை ஆட்டியது. அந்தக் குட்டி வால் அங்கே எட்டவே இல்லை.

பவதாரிணி ஒரு வேப்பங்கொத்தை எடுத்து வீசினாள். கை வலித்தது. வேறு கையால் வீசினாள். அந்தக் கையும் வலித்தது.

"அப்பா, ஈ மொய்க்குது."

"மாடு இருந்தா ஈ மொய்க்கத்தான் செய்யும்."

"இம்புட்டா மொய்க்கும்?"

"மழைக்காலம்ல. எருக்குழி நனைஞ்சு கெடக்கு. தன்னால போயிரும்" என்று சொல்லிவிட்டு அப்பா வயலுக்குப் போய்விட்டார். பசுவுக்குப் பருத்திக்கொட்டை வைத்தாரா என்று பார்க்க மட்டும் ஒரு தடவை திரும்பி வந்தார். கன்றைப் பார்க்கவில்லை. பவதாரிணி அதையும் கவனித்தாள்.

அம்மா ஒரு சட்டியில் தணலைப் போட்டு, வேப்பிலையும் நொச்சித் தழையும் வைத்து மூட்டம் போட்டாள். புகை இருந்தவரை ஈ இல்லை. புகை ஓய்ந்ததும் ஈ வந்தது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் கல்யாணராமன் சார், "பவதாரிணி, யாரை முறைச்சுக்கிட்டு இருக்கே?" என்று கேட்டார்.

"ஈயை, சார்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் ஜன்னலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். அங்கே ஈ எதுவும் இல்லை. ஒன்றும் புரியாமல் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் பவதாரிணி தொழுவத்துக்கு ஓடினாள். கன்று படுத்திருந்தது. அவள் வந்ததும் எழுந்து வந்து பாவாடையைச் சப்பும் கன்று, அன்று தலையைக்கூடத் தூக்கவில்லை. குனிந்து வயிற்றைப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றியிருந்த மயிரில் ரவையைக் கொட்டியது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தாள். அதில் ஒன்று நெளிந்தது.

அவள் துள்ளிப் பின்னால் நகர்ந்தாள். அதற்கு அடுத்த நொடி கோபம் வந்தது.

"அப்பா, வந்து பாருங்க. புழு."

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிய அப்பா, "சாம்பலை அப்பிவிடு, செத்துரும். மடை திறக்கணும், நான் போறேன்" என்றார்.

"இதே பசுங்கன்னா இருந்தா இப்படிப் போவீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. போய்விட்டார். பதில் சொல்லாததுதான் பவதாரிணிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சாம்பல் சட்டியை அவள் தொடவில்லை. சைக்கிளை எடுத்தாள்.

கால்நடை மருந்தகத்தில் கூட்டமாக இருந்தது. ஆடு, கோழி, ஒரு நாய்க்குட்டி எல்லாம் வரிசையில் நின்றன. பவதாரிணி வரிசையைத் தாண்டி நேராக மேசைக்குப் போனாள்.

"பாப்பா, வரிசையில வா" என்றார் ஆட்டைப் பிடித்திருந்த ஒருவர்.

"உங்க ஆடு நல்லா நிக்குது. எங்க கன்னுக்குட்டி எந்திரிக்கவே இல்ல" என்றாள் அவள். பிறகு மருத்துவரைப் பார்த்து, "டாக்டர், ஈ எங்க கன்னுக்குட்டியைத் தின்னுக்கிட்டு இருக்கு" என்றாள்.

டாக்டர் ஸ்யாமளா ஆனையூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். நிதானமாகப் பேசுவார். "ஈ தின்னாதும்மா. முட்டைதான் போடும்."

"முட்டையெல்லாம் போட்டு முடிச்சிருச்சு. புழு நெளியுது. பொறந்து மூணு நாள்கூட ஆகல."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஆட்டுக்காரரைப் பார்த்தார். ஆட்டுக்காரர், "போய்ட்டு வாங்கம்மா, நான் நிக்கிறேன்" என்றார்.

தொழுவத்தில் டாக்டர் முழங்காலிட்டு உட்கார்ந்தார். செய்தி கேட்டு அப்பாவும் வயலிலிருந்து வந்துவிட்டார். அவர் கன்றைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் மருந்துத் தண்ணீரால் கழுவினார். முட்டைகளைச் சீப்பால் வாரி எடுத்தார். புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கினார். கன்றுக்கு வலித்திருக்கும். ஆனால் அது உதைக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்தது. அதைப் பார்க்கப் பவதாரிணிக்குத் தாங்கவில்லை.

"நல்லவேளை, இப்பவே பார்த்தீங்க" என்றார் டாக்டர். "புழு உள்ள போயிருந்தா வயித்தைத் தொளைச்சிரும். அதுக்கப்புறம் காப்பாத்துறது கஷ்டம். காலையும் சாயங்காலமும் இந்த மருந்தை வைங்க. ஈ மட்டும் மறுபடி உட்காரக் கூடாது. உட்கார்ந்தா நான் செஞ்சதெல்லாம் வீண்."

பழுப்பு நிற மருந்துப் புட்டியைப் பவதாரிணியின் கையில்தான் கொடுத்தார். பிறகு அப்பாவிடம், "இவ்வளவு ஈ வர்றதுக்கு ஏதாவது இருக்கணுமே. நஞ்சுக்கொடியை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அன்னைக்கே கண்மாய்க் கரை ஆலமரத்துல கட்டியாச்சு டாக்டரம்மா. என் தம்பிதான் கொண்டுபோனான்."

தம்பி வாசலில்தான் நின்றார். பைக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கனவே பளபளத்த கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தார்.

"அப்ப சரி. தொழுவை நல்லாச் சுத்தம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அன்று பவதாரிணி செய்த சுத்தத்தைப் பார்த்தால் தொழுவத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தோன்றும். ஈர வைக்கோலை எல்லாம் வாரிக் கொட்டினாள். தரையைக் கழுவிக் காயவிட்டு, உலர்ந்த வைக்கோலைப் பரப்பினாள். அம்மாவை இழுத்துக்கொண்டு போய் எருக்குழிக்கு மேலே மண்ணைத் தள்ளினாள். அம்மா, "கோவத்துல வேலை செஞ்சாலும் ஒழுங்காத்தான்டி செய்யுற" என்றாள். சாயங்காலம் மருந்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் தொப்புளில் வெள்ளை ரவை.

பவதாரிணி கையிலிருந்த விளக்குமாற்றை வீசி எறிந்தாள். அது சுவரில் மோதி விழுந்தது. செவலை மிரண்டு தள்ளி நின்றது. அழுகை வந்தது அவளுக்கு. அழுதால் ஈக்களுக்குத்தான் கொண்டாட்டம் என்று அதையும் அடக்கிக்கொண்டாள். டாக்டர் செய்து காட்டியது போலவே முட்டைகளைச் சீப்பால் வாரினாள். நெளிகிற புழு எதுவும் இன்னும் இல்லை. மருந்தை வைத்தாள். பிறகு தொழுவத்தின் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கேயிருந்து வர்றீங்க?" என்று ஈக்களைக் கேட்டாள். "அதைச் சொல்லாம நீங்க போக முடியாது."

எருக்குழி மண்ணால் மூடிக் கிடக்கிறது. தரை காய்ந்து கிடக்கிறது. வாசல் வழியாக எதுவும் வரவில்லை. அப்படியானால்?

கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தாள். தொழுவத்தின் பின்சுவரில், மேலே, காற்று வருவதற்கு ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியாக ஒரு பச்சை ஈ உள்ளே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இரண்டு. அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிற ஆட்களைப் போல வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

பவதாரிணி எழுந்தாள். வெளியே வந்து சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அங்கே முள்வேலி. யாரும் போகாத இடம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முள்ளை விலக்கினாள். சுவருக்கும் வேலிக்கும் நடுவில் ஓர் அத்திமரம். எலி செத்த நாற்றத்தைவிட மோசமான ஒரு நாற்றம் குப்பென்று அடித்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள்.

கிளையில் ஒரு சாக்கு தொங்கியது. அவர்கள் வீட்டுத் தவிட்டுச் சாக்கு. சாக்கு தெரியாத அளவுக்குப் பச்சை ஈக்கள்.

அவள் கத்தவில்லை. ரொம்பக் கோபம் வந்தால் பவதாரிணிக்குக் குரல் சின்னதாகிவிடும். மெதுவாக முன்பக்கம் வந்தாள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா, ஆலமரத்துல கட்டுனீங்களா?"

சித்தப்பா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதை?"

"எதைன்னு உனக்கே தெரியும்."

'நீங்க' போய் 'நீ' வந்ததும் சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தார்.

"வண்டி புதுசு தாரிணி. சாக்கு சொட்டுச்சு. சீட்டுல ஒழுகுனா வாடை போகாதுல்ல. அத்தியும் பால் மரந்தானேன்னு…"

"டாக்டர் நேத்து கேட்டாக. நீ அங்கதான் நின்ன. கண்ணாடியைத் துடைச்ச."

"சொல்லத்தான் வந்தேன். அண்ணே இருந்தாக, அதான்…"

"கன்னுக்குட்டி வயித்துல புழு நெளிஞ்சுச்சு. உன் வண்டி வாடை அடிக்கக் கூடாதுன்னு நீ கண்ணாடி துடைக்கிற" என்றாள் பவதாரிணி. "அது வாயில்லாத சீவன். உனக்கு வாய் இருக்குல்ல? சொல்லிருக்கலாம்ல?"

அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் கோபம்தான். ஆனால் அவர் முதலில் சொன்னது வேறு.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆனா கட்டுனதை அவுக்கக் கூடாது ஆத்தா. அவுத்தா பசுவுக்குப் பால் வத்திப்போகும்."

அம்மாவும் தயங்கினாள். "ஆமாடி. இதுவரைக்கும் யாரும் அப்படி அவுத்ததில்ல."

பவதாரிணி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவிடமும் கத்திவிடலாம் போல இருந்தது. கத்தினால் அவர் வயலுக்குப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். மூச்சை இழுத்து விட்டாள்.

"அப்பா, கன்னு முட்டாம செவலை பால் இறக்குமா?"

"இறக்காது."

"சரண்யாதேவி அக்கா வீட்டுல போன தடவை கன்னு செத்துச்சே. அந்த மாடு அப்புறம் மடியைத் தொட விட்டுச்சா?"

அந்த மாடு ராத்திரியும் பகலும் கத்திக்கொண்டு நின்றதும், பால் அப்படியே நின்றுபோனதும் தெருவுக்கே தெரியும்.

"சாக்கை அவுத்தா பால் வத்துமோ வத்தாதோ, எனக்குத் தெரியாது. கன்னு செத்தா நிச்சயமா வத்தும். நீங்க பாலுக்காகவாவது அவனைக் காப்பாத்துங்க. நான் அவனுக்காகக் காப்பாத்துறேன்."

அம்மாதான் எழுந்தாள். மூலையிலிருந்த தொரட்டிக் கம்பை எடுத்துவந்து சித்தப்பாவின் கையில் கொடுத்தாள்.

"கொழுந்தனாரே, கட்டுன கைதான் அவுக்கணும்" என்றாள்.

சித்தப்பா முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூரமாக நின்று, கயிற்றை அறுத்தார். சாக்கு பொத்தென்று விழுந்தது. ஈக்கள் புகை போல எழும்பின. அதை வேறொரு சாக்குக்குள் தள்ளிக் கட்டினார். "தள்ளுவண்டி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் அங்கேயே, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்றது.

சித்தப்பா பெருமூச்சு விட்டார். உலர்ந்த துணியை எடுத்து பெட்ரோல் டேங்க் மேலே விரித்தார். அதன் மேல் சாக்கை வைத்தார். வண்டியைக் கிளப்பினார்.

தெருமுனை தாண்டியதும் முதல் நாய் வந்தது. அது மோப்பம் பிடித்துக் குரைத்ததும் அடுத்த தெரு நாய்கள் வந்தன. ரேஷன் கடைத் திண்ணையில் எப்போதும் தூங்குகிற கிழட்டு நாய்கூட எழுந்து ஓடி வந்தது. புது பைக் முன்னால் போக, ஊர் நாய்கள் எல்லாம் ஊர்வலமாகப் பின்னால் போக, அதற்கும் பின்னால் பவதாரிணி சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

"போ, போ, ச்சூ" என்று சித்தப்பா காலை இரண்டு பக்கமும் உதறினார். ஒரு கையால் சாக்கைப் பிடித்து, ஒரு கையால் வண்டியைப் பிடித்து, அவர் போன அழகை ஊரே வெளியே வந்து பார்த்தது.

கண்மாய்க் கரையில் ஆலமரம் அகலமாக நின்றது. பழைய சாக்குகள் சில காய்ந்து கருவாடாகத் தொங்கின. சித்தப்பா அவசரமாகக் கயிற்றை எடுத்து ஒரு கிளையில் வீசப் போனார்.

"இருங்க சித்தப்பா."

"இன்னும் என்னத்தா?"

பவதாரிணி சுற்றிப் பார்த்தாள். மரத்துக்குச் சற்றுத் தள்ளி அழகுராஜா கிடை போட்டிருந்தார். அவர் ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர். கூடையைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் புதிதாகப் பிறந்த குட்டிகளை அடைத்திருந்தார். கூடைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் கத்தல் கேட்டது.

"இங்க தொங்கவிட்டா ஈ அங்க போகும். அந்தக் குட்டிகளுக்கும் தொப்புள் காஞ்சிருக்காது."

"அதுக்கு? அண்ணே ஆலமரத்துல கட்டச் சொல்லிருக்காக. மறுபடியும் வேற இடத்துல கட்டி நான் மாட்டிக்க முடியாது."

பவதாரிணி யோசித்தாள். நாய்கள் சுற்றிலும் நாக்கைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தன. ஆலமரத்தின் வேர் ஒன்று தடியாகக் கரையில் இறங்கி மண்ணுக்குள் போனது. அதை மண்வெட்டியால் லேசாகத் தட்டினாள். வேரில் கீறல் விழுந்து வெள்ளையாகப் பால் கசிந்தது.

"இதுலயும் பால் வருதுல்ல? வேரும் மரந்தான். இங்க ஆழமாப் புதைப்போம். ஈயும் வராது, நாயும் தோண்டாது."

சித்தப்பா கசிந்த பாலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேசாமல் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு ஆழம் வந்ததும், "போதுமா?" என்று கேட்டார். "இன்னும்" என்றாள் அவள். சத்தம் கேட்டு வந்த அழகுராஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானும் ஒரு கை கொடுத்தார். மண்ணை மூடி, மேலே பெரிய கற்களை வைத்து, முள்ளையும் போட்டார்கள். நாய்கள் முகர்ந்து பார்த்தன. ஒவ்வொன்றாக எழுந்து ஊர்ப்பக்கம் நடந்தன.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"வேர்ல கட்டியாச்சுண்ணே" என்றார் சித்தப்பா. பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. எழுந்து தொழுவத்துக்குப் போய், கன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வயிற்றைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவர் அதைத் தானாகப் போய்ப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஈக்கள் குறைந்தன. மறுநாள் வழி தவறி வந்த ஒன்றிரண்டுதான். அவற்றைப் பவதாரிணி கவனித்துக்கொண்டாள்.

அதன் பிறகு சித்தப்பாவிடம் அவள் பேசவில்லை. அவர் காலையில் வேலைக்குப் போவதற்கு முன் தொழுவத்தைக் கூட்டினார். பேசவில்லை. சமயநல்லூரில் வண்டியை நிறுத்தி மருந்து வாங்கி வந்தார். அப்போதும் பேசவில்லை. பைக்கை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை என்று அவரே புலம்பினார். அதற்கு மட்டும், "நல்லா இருக்கு" என்று சொன்னாள்.

தொப்புள் மெல்லக் காய்ந்தது. சிவப்பு போய்க் கறுத்துச் சுருங்கியது. செவலை ஒரு சொட்டுக்கூடக் குறைக்காமல் பால் கொடுத்தது.

ஒரு நாள் காலையில் எல்லோரும் தொழுவத்தில் இருந்தார்கள். அப்பா கன்றைப் பிடித்துக்கொண்டார். பவதாரிணி குனிந்து மருந்தைத் தொட்டு வைத்தாள். பட்டென்று ஓர் உதை. வெள்ளைக் கால் அவள் முழங்காலில் விழுந்தது. அவள் பின்பக்கமாகச் சாணியில் போய் உட்கார்ந்தாள். மருந்து சட்டையெல்லாம் கொட்டியது.

அப்பா கன்றை இறுக்கிப் பிடித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா ஓரடி பின்னால் போனார். இப்போது என்ன நடக்கப் போகிறதோ என்று மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

பவதாரிணி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"அவனை விடுங்கப்பா, ரொம்ப இறுக்காதீங்க. வலிச்சா கோவம் வரத்தான் செய்யும். அன்னைக்கு டாக்டர் புழுவைப் பிடுங்குனப்ப உதைக்கக்கூடத் தெம்பில்லாமக் கெடந்தான். எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு."

சித்தப்பா போய்ப் புட்டியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கன்றின் காலைத் தடவிக் கொடுத்துவிட்டு, "இன்னொரு உதை வேணும்னாலும் உதைச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் குனிந்தாள்.